பெரிய தெரு வழியாக

18.2.1996
ஞாயிறு

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை புஷ்பமேரி எழுதுவது. உன்னையும் அண்ணியையும் பாப்பா ரீனாவையும் ஆண்டவர் நாக்பூர்க் குளிரிலிருந்து காப்பாற்றட்டும் என்று முதல் வரியாக எழுதச் சொன்னாள் அம்மா. குளிர் முடிந்து வெயில் தொடங்கியிருக்குமே என்றேன். அப்ப வெயிலிலிருந்து காப்பாற்றட்டும் என்று மாத்தி எழுது என்றாள். இரண்டையும் எழுதிவிட்டேன்.

நீ அனுப்பிய பத்திரிகை கிடைத்தது. பள்ளிக்கூடம் விட்டு வத்தலக்குண்டிலிருந்து வரும்போது பஸ்ஸில் நின்றபடியே உன் கதையைப் படித்தேன். 'கிளெமென்ட்' என்று உன் பெயரை அச்சில் பார்த்ததும் கண் மங்கிவிட்டது. படித்துக்கொண்டே நம் ஊர் நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டேன். அடுத்த ஊரில் இறங்கி, வயல் வழியாகத் திரும்பி நடந்தேன். சிறுமலை முகட்டில் மேகம் படுத்திருந்தது. அப்பா செத்த அன்றும் அப்படித்தான் இருந்தது, இல்லையா?

கதையில் பெயர்களையெல்லாம் மாற்றியிருக்கிறாய். ஆனால் அப்பாவின் நனைந்த கால்கள் அப்படியே இருக்கின்றன. கோயில் தூம்பாவும் அப்படியே இருக்கிறது. நாலு சக்கரம், மேலே கறுப்புத் துணி, சவப்பெட்டியை வைத்துத் தள்ளிக்கொண்டு போகிற அந்த வண்டியை நம் கீழத்தெருவுக்குத் தரமாட்டோம் என்று பெரிய தெருக்காரர்கள் சொன்னது, நீயும் உன் கூட்டாளிகளும் அதை இழுத்துக்கொண்டு வந்தது, பெரிய தெரு முனையில் உங்களை மறித்து அடித்தது, வண்டியை அங்கேயே விட்டுவிட்டு மழையில் அப்பாவைத் தோளில் தூக்கிக்கொண்டு கண்மாய்க்கரையைச் சுற்றிப் போனது, எல்லாம். அடுத்த வாரமே நீ ரயில் ஏறிவிட்டாய். கதை அதற்கு முன்னாலேயே, சேற்றில் கால் புதைகிற இடத்தில் நின்றுவிடுகிறது.

நேற்று மத்தியானம் புங்கமரத்தடியில் பெண்கள் பூக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அம்மா என்னைப் படிக்கச் சொன்னாள். 'தலித்' என்ற சொல் வந்ததும் ராமுத்தாய் கையை நீட்டி நிறுத்தினாள். அம்மாவோடு முப்பது வருஷமாக மல்லிகை எடுக்கிறாளே, அதே ராமுத்தாய்தான். நம் வேதக்காரி இல்லை, ஆனால் நம் தெருவில் நல்லது கெட்டது எதுவானாலும் முதலில் வந்து நிற்கிறவள். அது யாரு புதுசா என்று கேட்டாள். விளக்கிச் சொன்னேன். "நம்ம ஆளுகதானா, அப்பச் சரி, படி" என்றாள்.

படித்து முடித்தேன். பூக் கட்டுகிற விரல்கள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன. ராமுத்தாய்தான், "அப்புறம்?" என்றாள். அவ்வளவுதான், கதை முடிந்துவிட்டது என்றேன். "அதெப்படி முடியும்? வண்டி இன்னும் அங்கனதானே நிக்கிது" என்று என்னோடு சண்டைக்கு வந்துவிட்டாள். அதற்குப் பிறகு ஆளுக்கொரு முடிவு சொன்னார்கள். ஒருத்தி அடித்தவனுக்குக் கை விளங்காமல் போக வேண்டும் என்றாள். ஒருத்தி கலெக்டர் வர வேண்டும் என்றாள். அம்மா பூ நாரைப் பல்லில் கடித்தபடி எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு செத்த நேரம் கண்ணயர்ந்தாள். எழுந்ததும் ஒரு கனவு சொன்னாள். பெரிய தெருவில் தண்ணீர் ஓடுகிறதாம். கணுக்கால் அளவுதான். தெளிந்த தண்ணீர். அப்பா அதில் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்து போகிறாராம். இரண்டு பக்கமும் வீடுகள் திறந்து கிடக்கின்றன, உள்ளே ஒரு ஆள் இல்லை. அப்பா திரும்பிப் பார்த்து, "என்ன இன்னாசியம்மா, இம்புட்டுத்தானா இந்தத் தெரு" என்றாராம். சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

அந்த இருமல்தான் என் கவலை. திண்டுக்கல் டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, பனியில் போகக் கூடாது என்றார். ஆனால் மொட்டு விரியுமுன் பறித்தாக வேண்டும் என்று விடியுமுன்னே கிளம்பிவிடுகிறாள். நான் சொன்னால் கேட்பதில்லை. நீ ஒரு வரி எழுது.

உபதேசியார் போன வாரம் என்னைக் கோயில் வாசலில் நிறுத்தி, உங்க அண்ணன் ஊரைப் பற்றி எழுதியிருக்காராமே என்று கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை.

பன்னிரண்டு வருஷத்தில் அம்மா இரண்டு தடவை நாக்பூர் வந்துவிட்டாள். நீ ஒரு தடவையும் இங்கே வரவில்லை. இந்த ஈஸ்டருக்காவது வா, அண்ணே. அம்மா கேட்கச் சொல்லவில்லை. நான்தான் கேட்கிறேன்.

உன் அன்புத் தங்கை,
புஷ்பமேரி


9.6.1996
ஞாயிறு

அன்புள்ள அண்ணனுக்கு,

தந்தியில் நாலு வார்த்தைதான் எழுத முடிந்தது. மிச்சத்தை இப்போது எழுதுகிறேன். பூசை முடிந்து வந்து உட்கார்ந்தேன். வெளியே வெயில் வெள்ளையாக அடிக்கிறது. இந்த இருபது நாளும் நான் சரியாக விழித்திருந்தேனா என்று எனக்கே நிச்சயமில்லை. நடந்ததை நடந்தபடி எழுதப் பார்க்கிறேன்.

மே இருபத்தொன்று, செவ்வாய்க்கிழமை. போக வேண்டாம் என்று சொல்லியும் அம்மா பூ எடுக்கப் போயிருந்தாள். பொழுது விடிந்து, மடி நிறைய மொட்டோடு வரப்பில் உட்கார்ந்திருக்கிறாள். அசதியில் கண்ணயர்ந்துவிட்டாள் என்றுதான் ராமுத்தாய் நினைத்தாளாம். அம்மாவின் நிரையில் மிச்சமிருந்த செடிகளையும் சேர்த்து எடுத்து முடித்துவிட்டு எழுப்பப் போயிருக்கிறாள். அவ்வளவுதான் அண்ணே. வலி ஒன்றும் தெரிந்திருக்காது என்று எல்லோரும் சொன்னார்கள். முகமும் அப்படித்தான் இருந்தது. நீ வாங்கிக்கொடுத்த அந்த வெள்ளைச் சேலையைக் கட்டிவிட்டோம்.

நேரம் கேட்கக் கோயிலுக்குப் போனேன். பங்குச் சாமியார் புதியவர், வேறு ஜில்லாக்காரர், சின்ன வயசு. நாலு மணிக்கு அடக்கம் வைத்துக்கொள்ளலாம் என்றார். சரி என்று திரும்பினேன். வாசல்படி வரை வந்துவிட்டேன். அங்கே நின்று, "தூம்பா வேணும் சாமி" என்று கேட்டது என் வாய்தான். ஆனால் கேட்க வேண்டும் என்று நான் நினைத்துப் போகவில்லை. சாமியார் உபதேசியாரைப் பார்த்தார். உபதேசியார், அந்த வழக்கம் இல்லை, சாவியும் பெரிய தெருவில் இருக்கிறது என்றார். சாமியார் தரையைப் பார்த்துக்கொண்டு, இன்றைக்கு இது வேண்டாம் அம்மா, அடுத்த மாதம் கூட்டம் போட்டுப் பேசுவோம் என்றார். நான் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அதுவே போதும் என்றிருந்தது. கேட்டாயிற்று, அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து பெண்களிடம் சும்மா சேதியாகத்தான் சொன்னேன். ராமுத்தாய் அம்மாவின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். அவிழ்ந்த கூந்தலை முடிந்துகொண்டு எழுந்தாள். யாரையும் கூப்பிடவில்லை. அவள் பாட்டுக்கு நடந்தாள். பின்னாலேயே ஒவ்வொருத்தியாக எழுந்து போனார்கள். கோயிலுக்குப் பின்னால் தூம்பா நிற்கிற அந்தக் கொட்டகை இருக்கிறதே, அதன் பலகைக் கதவைப் பூட்டோடு சேர்த்துக் கீலிலிருந்து தூக்கிக் கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டாள். உபதேசியார் ஓடிவந்து, இது பாவம், கோயிலுக்குள் சேர்க்கமாட்டோம் என்று கத்தினார். "எனக்கென்னய்யா பயம், நான் உங்க கோயில்ல நன்மை அப்பம் வாங்கவா போறேன்" என்று சொல்லிவிட்டு அவள் வண்டியின் இழுகட்டையைப் பிடித்தாள்.

வண்டி வீட்டுக்கு வந்தபோது நம் ஆண்கள் வாசலில் நின்றார்கள். உன்னோடு அன்று அடிபட்டவர்களும் இருந்தார்கள். அவர்கள் முன்னால் வரத்தான் பார்த்தார்கள். பெண்கள் விடவில்லை. உங்களைக் கண்டால் உடனே கை ஓங்குவார்கள், எங்களை அடிக்க ஒரு நிமிஷமாவது யோசிப்பார்கள், அதனால் நீங்கள் பின்னால் வாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அம்மாவின் பெட்டியைத் தூம்பாவில் ஏற்றிப் பதினொரு பெண்கள் இழுத்தோம். நானும் ஒருத்தி.

கீழத்தெருவைத் தாண்டி வெட்டவெளிக்கு வந்ததும் கானல் நெளிந்தது. எனக்கு வண்டி மண்ணில் உருளுகிற மாதிரியே இல்லை. தண்ணீரில் மிதந்து போகிற மாதிரி இருந்தது. அம்மா பெட்டிக்குள் இல்லை, என் பக்கத்தில் நடந்து வருகிறாள், அவளும் சேர்ந்து இழுக்கிறாள் என்று தோன்றியது. ஒரு தடவை திரும்பிக்கூடப் பார்த்தேன்.

பெரிய தெரு முனையில் ஒரு மாட்டுவண்டியைக் குறுக்கே நிறுத்தியிருந்தார்கள். முப்பது நாற்பது பேர் இருந்தார்கள். முன்னால் ராயப்பராஜ் நின்றார். அம்மா முப்பது வருஷமாகப் பூ எடுத்தது அவர் தோட்டத்தில்தான். அவர் கத்தவில்லை. "இன்னாசியம்மா நல்ல மனுசி. அதுக்கு ஒரு கொறையும் வராது. இந்தத் தெரு மட்டும் வேணாம். கரைப்பக்கமாப் போயிருங்க" என்று தன்மையாகத்தான் சொன்னார். ராமுத்தாய், "ஒங்க பூக்கூடையத் தலையில வச்சுக்கிட்டு முப்பது வருசம் இந்தத் தெருவழியாத்தானே வந்தா. அப்பல்லாம் தெருவுக்கு ஒண்ணும் ஆகலையா?" என்று கேட்டாள். அவருக்குப் பின்னால் நின்றவர்கள்தான் பதில் சொன்னார்கள். அதை நான் எழுத வேண்டாம். நீ கேட்டவைதான்.

நாங்கள் தூம்பாவைச் சுற்றி ரோட்டிலேயே உட்கார்ந்தோம். நாலு மணி ஆயிற்று. கோயிலில் துக்க மணி அடித்து ஓய்ந்தது. போலீஸ் ஜீப் வந்தது, பின்னாலேயே தாசில்தார் வந்தார். இன்றைக்கு ஒரு நாள் சுற்றிப் போய்விடுங்கள், பிறகு எழுதிக்கொடுங்கள், நான் பார்க்கிறேன் என்றார். பெண்கள் எழுந்திருக்கவில்லை. ஐந்து மணி ஆயிற்று. பெட்டி மேல் போட்டிருந்த பூ கறுத்துச் சுருண்டது. வெயில் அம்மா மேலேயே விழுந்துகொண்டிருந்தது.

அண்ணே, இப்போது எழுதப்போவதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. ஐந்தரை மணி இருக்கும். பெட்டியிலிருந்து வாடை வரத் தொடங்கியது. அம்மாவிடமிருந்தா அப்படி ஒரு வாடை? நான் எழுந்தேன். இழுகட்டையைப் பிடித்துக் கரைப்பக்கமாகத் திருப்பினேன். போதும், போவோம் என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். எதிரே நின்றவர்களில் ஒருவன் சிரித்தான். படித்தவள், டீச்சர், பத்திரிகைக் கதையை எல்லோருக்கும் வாசித்துக் காட்டியவள், நான்தான் முதலில் திருப்பினேன். உன் கதையைப் படித்தபோது அந்தத் திருப்பத்தில் உன் மேல் எனக்குக் கொஞ்சம் கோபம் இருந்தது. அதற்காக இன்று உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

ராமுத்தாய் என் மணிக்கட்டைப் பிடித்தாள். திட்டவில்லை. "டீச்சர், கையை எடு. ஒங்கம்மாவுக்கு மூக்கு இல்ல இப்ப. நமக்குத்தான் நாறுது. நாம தாங்குவோம்" என்றாள். நான் கட்டையை விட்டுவிட்டேன். அப்படியே அவள் மடியில் சாய்ந்து அழுதேன். அன்றைக்கு அதுவரை நான் அழவில்லை.

என்னைத் தட்டிக்கொண்டே அவள் ராயப்பராஜைப் பார்த்துச் சொன்னாள். நாங்கள் இன்றைக்கும் இங்கேதான், நாளைக்கும் இங்கேதான், எங்களில் ஒருத்தியும் பூ எடுக்க வரமாட்டோம் என்று. கோபமாகச் சொல்லவில்லை. சோறு ஆக்கவில்லை என்பதுபோலச் சாதாரணமாகச் சொன்னாள். வைகாசி மாசம். செடி கொள்ளாமல் மொட்டு பிடிக்கிற நேரம். எடுக்காவிட்டால் சாயங்காலத்துக்குள் எல்லாம் செடியிலேயே விரிந்துபோகும், நிலக்கோட்டை மார்க்கெட்டில் சீந்த ஆள் இருக்காது. அது அவர்களுக்குத் தெரியும். எதிரே நின்ற முகங்கள் ஒவ்வொன்றாகத் தோட்டம் இருக்கிற பக்கம் திரும்பின. தங்களுக்குள் முணுமுணுத்தார்கள். பின்வரிசையில் நின்றவர்கள் முதலில் கலைந்தார்கள். தாசில்தார் ராயப்பராஜை ஓரமாகக் கூட்டிப்போய்ப் பேசினார். கடைசியில் ராயப்பராஜே மாட்டைப் பூட்டிக் குறுக்கே நின்ற வண்டியை ஓட்டிக்கொண்டு போனார். எங்கள் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

பெரிய தெருவுக்குள் போனோம். அத்தனை வருஷமாக அதை எவ்வளவு நீளம் என்று நினைத்திருந்தேன் தெரியுமா? இழுக்க ஆரம்பித்ததும் முடிந்துவிட்டது. சில வீடுகளில் கதவைச் சாத்தினார்கள். ஒரு வீட்டில் ரேடியோவைச் சத்தமாக வைத்தார்கள். ஒரு ஜன்னலில் என்னோடு ஆறாம் வகுப்பு வரை படித்தவள் நின்றாள். கைக்குழந்தையின் கையைப் பிடித்து நெற்றியில் சிலுவை போட்டுவிட்டாள். மஞ்சள் வெயில் சுவர்களில் ஏறிக்கொண்டிருந்தது. யாரும் ஒப்பாரி வைக்கவில்லை. சக்கரச் சத்தம் மட்டும் கேட்டது. கோயில் வாசலில் சாமியார் தீர்த்தத்தோடு காத்திருந்தார். மந்திரத்தில் ஒரு வரியை இரண்டு தடவை சொன்னார்.

அப்பாவுக்குப் பக்கத்திலேயே அம்மாவை வைத்தோம். கல்லறைத் தோட்டத்தில் நமக்கும் அவர்களுக்கும் நடுவே அந்தச் சுவர் அப்படியேதான் இருக்கிறது. அது அடுத்த வேலை என்கிறாள் ராமுத்தாய்.

வழி விட்டுவிட்டார்களே என்று மறுநாள் காலையில் பெண்கள் பூ எடுக்கக் கிளம்பினார்கள். அதற்குள் போலீஸ் வந்துவிட்டது. கோயில் கதவை உடைத்ததாகப் புகாராம். பதினொரு பேர் பெயரையும் எழுதிக்கொண்டு போனார்கள். கூடைகள் திரும்பி வந்தன. அன்றிலிருந்து ஒருத்தியும் போகவில்லை. வெளியூர் ஆட்களைக் கூட்டிவந்து பார்த்தார்கள். வந்தவர்களும் நம் சனம்தான். சேதி தெரிந்ததும் வந்த லாரியிலேயே திரும்பிவிட்டார்கள்.

மூன்றாம் நாள் சாயங்காலம் நான் வாசலில் நின்றேன். மேற்கே கொடைக்கானல் மலை நீலமாக இருந்தது. தோட்டம் தோட்டமாக எல்லா மொட்டும் ஒரே சமயத்தில் விரிந்துவிட்டது. தரையில் நிலா விழுந்து கிடக்கிற மாதிரி அத்தனை வெள்ளை. அந்த வாசம் ஊரையே மூடிவிட்டது. சோற்றில் வாசம், குடத்துத் தண்ணீரில் வாசம். ரோட்டில் போன பஸ் வேகத்தைக் குறைத்தது. சன்னலில் எல்லாத் தலையும் இந்தப் பக்கம் திரும்பியிருந்தது. பிறந்ததிலிருந்து பூவுக்கு நடுவில் இருக்கிறோம், அண்ணே. அது செடியிலேயே மலர்ந்து நாங்கள் ஒரு நாளும் பார்த்ததில்லை. பெண்கள் கரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அன்று வீடுகளில் உலை வைக்க அரிசி அதிகம் இல்லை. ஆனாலும் யாரும் எழுந்து போகவில்லை. எனக்கு அம்மாதான் இதையெல்லாம் விரித்துப் போட்டிருக்கிறாள் என்று தோன்றியது.

ஆறாம் நாள் ராயப்பராஜ் நம் தெருவுக்கு வந்தார். அவர் ஆயுசில் முதல் தடவை. புங்கமரத்தடியில் நின்று, புகாரை வாபஸ் வாங்கியாயிற்று என்றார். தண்ணீர் கொடுத்தோம். சொம்பைக் கையில் வாங்கினார். குடிக்காமல் கீழே வைத்துவிட்டார். மறுநாள் பாதிப் பேர்தான் பூ எடுக்கப் போனார்கள். பாதிதான் நம்புகிறோம் என்று காட்டுவதற்காக. ஸ்டேஷனில் பதினொரு பெயரையும் அடித்துவிட்ட காகிதத்தைக் கண்ணால் பார்த்த பிறகுதான் மற்றவர்கள் போனார்கள். கொட்டகைக் கதவை இன்னும் மாட்டவில்லை. தூம்பா திறந்தே நிற்கிறது.

இனி உன்னைப் பற்றி. உன் தந்தி நாலாம் நாள் வந்தது. 'ஆழ்ந்த அனுதாபங்கள். லீவு இல்லை. கிளெமென்ட்.' தபால்காரர் அதைக் கொடுத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். தெருவே கூடி நின்றது. மகன் என்ன எழுதியிருக்கிறான் என்று கேட்டார்கள். நான் மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு, முப்பதாம் நாள் பூசைக்கு அண்ணன் வருகிறான் என்று சொல்லிவிட்டேன். யோசிக்காமல் வந்த பொய். அது இப்போது தெரு முழுக்க வளர்ந்துவிட்டது. ராமுத்தாய் நம் வீட்டுச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டாள். நீ எந்த வெஞ்சனம் விரும்பிச் சாப்பிடுவாய் என்று ஆளுக்கு ஒன்று சொல்லிச் சண்டை போடுகிறார்கள். உன்னோடு அடிபட்டவர்கள் தினமும் என்னிடம் தேதி கேட்கிறார்கள்.

லீவு இல்லை என்பதை நான் நம்புகிறேன், அண்ணே. அப்படியே இருக்கட்டும். அன்று உன்னை அடித்தபோது நான் அந்த முனையில்தான் நின்றிருந்தேன். எனக்கு இருபது வயசு. நான் பார்த்ததை நீ ஒரு நாளும் எனக்கு விளக்க வேண்டியதில்லை. நானும் கட்டையைத் திருப்பியவள்தான்.

ஜூன் இருபதாம் தேதி, வியாழக்கிழமை, காலை ஆறு மணிப் பூசை. சென்னை வந்து ரயில் மாறினால் விடியும்போது கொடைரோட்டில் இறங்கலாம். ஒரு நாள் முன்னதாகவே வா. அண்ணியையும் பாப்பாவையும் கூட்டி வா. பஸ்ஸை விட்டு இறங்கியதும் பழக்கத்தில் உன் கால் கண்மாய்க்கரைப் பக்கம் போகும். போகவிடாதே. பெரிய தெரு வழியாகவே நடந்து வா. செருப்பைக் கழற்றாதே. பாப்பா கையைப் பிடித்துக்கொள். அதிக தூரம் இல்லை, நான் நடந்து பார்த்துவிட்டேன்.

ஆண்டவர் உன் கால்களுக்குத் துணை இருக்கட்டும்.

தெரு முனையில் காத்திருக்கும்
உன் தங்கை,
புஷ்பமேரி